சிங்கப்பூரில் நிரந்தரவாசிக் குடும்பம் வீவக வீடு வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து வேலைக்கு வந்து, நிரந்தரவாசம் கிடைத்து, பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வீவக என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் அமைப்பு. நானும் என் மனைவியும் இதே பாதையில் வந்தவர்கள்தான். விதிகளும் விகிதங்களும் 2025 நிலவரப்படி. எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வீட்டைக் கடைசியாகப் பாருங்கள். தேதி, ஒதுக்கீடு, கையில் உள்ள ரொக்கம், இந்த மூன்றையும் முடித்துவிட்டு அப்புறம் கதவைத் தட்டுங்கள்.

இன்னும் எம்ப்ளாய்மென்ட் பாஸில்தான் இருக்கிறோம். வீவக வீடு வாங்கலாமா?

வாங்க முடியாது. கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரு வீடு வாங்க வெளிநாட்டவருக்குத் தடை இல்லை, தனி அனுமதியும் வேண்டாம். ஆனால் 27 ஏப்ரல் 2023 முதல் வெளிநாட்டவர் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வை 60 விழுக்காடு. ஒரு மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீட்டுக்கு 600,000 வெள்ளி தீர்வையாகவே போய்விடும். சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது கட்டுபடியாகாது. நிரந்தரவாசம் கிடைக்கும்வரை வாடகையில் இருப்பதே மேல்.

போன மாதம்தான் நிரந்தரவாசம் கிடைத்தது. எப்போது வாங்கலாம்?

மூன்று ஆண்டு கழித்து. ஆகஸ்ட் 2013 முதல் நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு இந்தக் காத்திருப்பு உண்டு. கணவன், மனைவி இருவருமே நிரந்தரவாசிகளாக இருக்க வேண்டும், இருவருக்குமே மூன்று ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். மனைவிக்கு இரண்டு ஆண்டு தாமதமாகக் கிடைத்திருந்தால், அவர் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். இதைக் கவனிக்காமல் வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வீடு தேடக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனைவி சார்ந்தோர் அட்டையில் இருக்கிறார், நான் மட்டும் நிரந்தரவாசி என்றால்?

நீங்கள் இருவர் மட்டும் சேர்ந்து வீவக வீடு வாங்க முடியாது. தனியாள் திட்டத்தில் 35 வயதில் வாங்குவதும் குடிமக்களுக்கு மட்டுமே.

புது வீடு, அதாவது பிடிஓ, கிடைக்குமா?

குடும்பத்தில் ஒரு குடிமகனாவது இல்லாமல் கிடைக்காது. நிரந்தரவாசிகள் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு மறுவிற்பனை வீடுதான். அரசாங்க மானியமும் கிடையாது, வீவக கடனும் கிடையாது. வங்கிக் கடன் மட்டுமே.

ஒதுக்கீடு என்று சொல்கிறார்களே, அது என்ன?

நம்மவர்கள் அதிகம் இடறி விழுவது இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு ஒதுக்கீடுகள் உண்டு. ஒன்று, 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று அது வரம்பு வைக்கிறது. இந்தியர் மற்றும் பிற இனத்தவர் பிரிவுக்கு வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. இரண்டாவது, 2010இல் வந்த நிரந்தரவாசி ஒதுக்கீடு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்கள் வட்டாரத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு வரைதான் இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த நிரந்தரவாசிக் குடும்பம் இந்த இரண்டு சல்லடையிலும் தேற வேண்டும்.

செங்காங்கில் பத்தாவது மாடியில் ஒரு நான்கறை வீடு பார்த்தோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் காற்று அள்ளிக்கொண்டு போனது. என் மகள் எந்த அறை தனக்கு என்றுகூட முடிவு செய்துவிட்டாள். இரவு வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இந்தியர் ஒதுக்கீட்டில் இடம் இருந்தது. நிரந்தரவாசி ஒதுக்கீடு நிரம்பியிருந்தது. மறுநாள் காலை மகளிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு புளோக் எண்ணைச் சோதிக்காமல் எந்த வீட்டுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போனதில்லை.

ஒதுக்கீட்டு நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். இந்த மாதம் மூடியிருப்பது அடுத்த மாதம் திறக்கலாம், திறந்திருப்பது மூடலாம். இன்னொரு வழியும் உண்டு. விற்பவரும் உங்களைப் போலவே மலேசியர் அல்லாத நிரந்தரவாசி, அதே இனம் என்றால், ஒருவர் போய் ஒருவர் வருவதால் விகிதம் மாறாது. ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கிலும் அப்படிப்பட்டவரிடம் வாங்கலாம். அதனால்தான் நம்மவர் விற்கும் வீடு நம்மவருக்கே போவதை அடிக்கடிப் பார்க்கிறீர்கள்.

மொத்தம் எவ்வளவு பணம் கையில் வேண்டும்?

ஒரு கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். பேசி முடித்த விலை 620,000 வெள்ளி. வீவக மதிப்பீடு 600,000 வெள்ளி. வித்தியாசம் 20,000. இதைத்தான் சிஓவி என்கிறார்கள்.

வங்கி மதிப்பீட்டில் அதிகபட்சம் 75 விழுக்காடு கடன் தரும்: 450,000. மீதி 170,000 உங்களுடையது. அதில் சிஓவி 20,000 முழுக்க ரொக்கம். மத்திய சேமநிதியிலிருந்து (சுருக்கமாக மசேநி, சம்பளத்தில் பிடிக்கும் சேமிப்பு) ஒரு காசு எடுக்க முடியாது. மதிப்பீட்டில் 5 விழுக்காடு, அதாவது 30,000, அதுவும் ரொக்கம்தான். பாக்கி 120,000ஐ மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து கட்டலாம், குறைந்தால் ரொக்கத்தால் நிரப்ப வேண்டும்.

அடுத்து முத்திரைத் தீர்வை. எல்லோருக்கும் உள்ள வாங்குவோர் தீர்வை முதல் 180,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000க்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் ஒரு மில்லியன் வரை 3 விழுக்காடு. நம் வீட்டுக்கு 13,200 வெள்ளி வரும். நிரந்தரவாசிக்கு முதல் வீட்டிலேயே கூடுதல் தீர்வை 5 விழுக்காடு உண்டு: 31,000 வெள்ளி. வீவக வீடு என்பதால் விலக்கு இல்லை. ஆக 44,200. கடனைத் தவிர்த்து மொத்தம் 214,200 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம், ஏஜென்ட் கமிஷன், வீட்டு வேலை இதில் சேரவில்லை.

தீர்வைக்கும் மசேநிப் பணத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் நிரந்தரவாசம் கிடைத்த முதல் இரண்டு ஆண்டும் மசேநி சந்தா குறைந்த விகிதத்தில்தான் பிடிப்பார்கள். மூன்றாம் ஆண்டில்தான் முழு விகிதம் வரும். ஆகவே மூன்று ஆண்டு முடிந்ததும் வாங்குபவரின் கணக்கில் நினைத்த அளவு பணம் இருக்காது. முதல் நாளிலிருந்தே ரொக்கமாகச் சேமிக்கத் தொடங்குங்கள்.

அமெரிக்கர்களுக்குக் கூடுதல் தீர்வை இல்லையாமே, இந்தியருக்கும் அப்படி ஏதாவது உண்டா?

இல்லை. அமெரிக்கக் குடிமக்களும், ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து நாடுகளின் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூர்க் குடிமக்களைப் போல நடத்தப்படுகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

எங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?

வீவக வீட்டுக்கான மாதத் தவணை, குடும்பத்தின் மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கார், கடன் அட்டை, ஊரில் உள்ள கடன் எல்லாம் சேர்த்து 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வங்கி உங்களுக்குத் தரும் வட்டி 3 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலும், தகுதியைக் கணக்கிடும்போது குறைந்தது 4 விழுக்காடு என்றே வைத்துப் பார்ப்பார்கள். மேலே சொன்ன 450,000 வெள்ளியை 25 ஆண்டில் கட்டுவதாக வைத்தால் 4 விழுக்காட்டில் தவணை ஏறக்குறைய 2,375 வெள்ளி. அப்படியானால் குடும்ப வருமானம் மாதம் சுமார் 7,920 வெள்ளி இருக்க வேண்டும்.

தவணைக் காலத்தை 25 ஆண்டுக்கு மேல் இழுத்தாலோ, கடன் முடியும்போது 65 வயதைத் தாண்டினாலோ 75 விழுக்காடு 55 ஆகக் குறையும். நாற்பதைத் தாண்டியவர்கள் இதைக் கட்டாயம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் வீவக தளத்தில் எச்எஃப்இ கடிதத்துக்கு விண்ணப்பியுங்கள். உங்களுக்குத் தகுதி உண்டா என்று அதில் தெரிந்துவிடும். அந்தக் கடிதம் ஒன்பது மாதம் செல்லுபடியாகும். அது இல்லாமல் விற்பவரிடம் ஆப்ஷன், அதாவது பேசிய விலைக்கு வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம், வாங்கவே முடியாது. கூடவே வங்கியிடமும் உத்தேசக் கடன் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

வீடு பிடித்து விலை படிந்ததும் விற்பவர் ஆப்ஷன் தருவார். அதற்கு 1 முதல் 1,000 வெள்ளி வரை கட்டணம். பணத்தைக் கொடுத்த நாளிலிருந்து 21 நாள் கெடு. கடைசி நாள் மாலை 4 மணியோடு முடிகிறது. ஆப்ஷன் தேதிக்கு மறுவேலை நாளுக்குள் வீவகவிடம் மதிப்பீடு கேட்க வேண்டும், அதற்குக் கட்டணம் 120 வெள்ளி. மதிப்பீடு வந்த பிறகுதான் சிஓவி எவ்வளவு என்று தெரியும். 2014 மார்ச் முதல் முறை இதுதான்: முதலில் விலை, பிறகு மதிப்பீடு. ஆகவே விலை பேசும்போதே, அதே வட்டாரத்தில் கடந்த சில மாதங்களில் எந்த மாடி, எந்த அளவு வீடு என்ன விலைக்குப் போனது என்று வீவக தளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மதிப்பீடு மிகவும் குறைந்து சிஓவி தாங்காது என்றால், ஆப்ஷனைக் கையெழுத்திடாமல் விட்டுவிடலாம். போவது அந்த 1,000 வெள்ளியோடு போகட்டும்.

வாங்குவது உறுதி என்றால் வங்கியின் கடன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆப்ஷனில் கையெழுத்திடுங்கள். ஆப்ஷன் கட்டணத்தோடு சேர்த்து முன்பணம் 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. பிறகு இரு தரப்பும் தனித்தனியே வீவகவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் செய்த ஏழு நாளுக்குள் மற்றவரும் செய்தாக வேண்டும். வீவக ஏற்றுக்கொண்டபின் சாவி கைக்கு வர எட்டு வாரம் பிடிக்கும்.

ஊரில் அப்பா பெயரில் வீடு இருக்கிறது. அதனால் சிக்கல் வருமா?

அப்பா பெயரில் இருக்கும்வரை அது அவர் சொத்து. உங்கள் பெயரிலோ, உங்கள் மனைவி பெயரிலோ வீடு இருந்தால், அல்லது பாகப்பிரிவினையில் பங்கு வந்திருந்தால் கதை வேறு. வெளிநாட்டில் உள்ள தனியார் குடியிருப்பும் வீவக கணக்கில் சேரும். வீவக வீட்டையும் அதையும் ஒருசேர வைத்திருக்க விடமாட்டார்கள். எச்எஃப்இ விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் உள்ளபடி அறிவியுங்கள், அக்கா தம்பியோடு பங்கு உள்ள பூர்வீக வீடு உட்பட. அதை எப்போதைக்குள் விற்க வேண்டும், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று உங்கள் நிலைக்கேற்ப வீவகவே சொல்லும். "ஊரில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியப் போகிறது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பொய் அறிவிப்புக் கொடுத்தது தெரிந்தால் வீட்டையே கட்டாயமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் வீவகவுக்கு உண்டு. பிள்ளைகள் தூங்கும் வீட்டை அப்படி ஒரு பொய்யின் மேல் நிறுத்த வேண்டாம்.

ஊரிலிருந்து பணம் கொண்டுவர முடியுமா?

முடியும், வங்கி வழியாக மட்டும். இந்தியாவில் வசிக்கும் பெற்றோர் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 250,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும், பெற்றோர் வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். உங்கள் பெயரில் உள்ள சொத்தை விற்ற பணம் என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கில், விழும். அங்கிருந்து நிதியாண்டுக்கு ஒரு மில்லியன் அமெரிக்க டாலர் வரை எடுத்து வரலாம், ஆடிட்டர் சான்றிதழ் வேண்டும். இந்தக் காகித வேலைக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் பிடிக்கும். ஆப்ஷன் வாங்கிய பிறகு தொடங்கினால் 21 நாளில் பணம் வந்து சேராது.

ஏஜென்ட் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. வீவக தளத்திலேயே எல்லாவற்றையும் செய்யலாம். வைத்துக்கொண்டால், சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஏஜென்ட் விற்பவர், வாங்குபவர் இருவர் பக்கமும் நிற்கக் கூடாது, சட்டப்படி தடை. ஆப்ஷன் பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். வீவக மறுவிற்பனையில் அந்தப் பணத்தைத் தொடும் அனுமதியே அவருக்கு இல்லை.

பழைய வீடு விலை குறைவாக இருக்கிறதே, எடுக்கலாமா?

வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. வாங்குவோரில் ஆக இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடித்தால்தான் மசேநியை முழு வரம்பு வரை பயன்படுத்தலாம். 1990இல் பிறந்தவர் 95ஐத் தொடுவது 2085இல். 1985இல் தொடங்கிய குத்தகை 2084இல் முடிகிறது. ஓர் ஆண்டுதான் குறைகிறது, ஆனாலும் மசேநி வரம்பு குறைந்துவிடும். இன்னும் பழைய வீடு என்றால் பாதிப்பு கூடும், பின்னாளில் உங்களிடம் வாங்க வருபவருக்கும் இதே தடை இருக்கும். கூடம் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள்.

வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கூடத்தை விடுங்கள், குளியலறைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். மேல் வீட்டிலிருந்து நீர் கசிந்தால் கூரையில் பழுப்பு வட்டம் இருக்கும். புதுச் சாயம் அந்த ஒரே இடத்தில் மட்டும் அடித்திருந்தால் இன்னும் சந்தேகம். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் கூரை பளிச்சென்று இருந்தது, ஆனால் குழாய் போகும் மூலையில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டியது. மழை பெய்யும் நாளில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அண்டை வீட்டுச் சத்தமும் தாழ்வாரத்தின் நிலையும் அப்போதுதான் தெரியும். மின்தூக்கி உங்கள் மாடியில் நிற்கிறதா என்று பாருங்கள், ஊரிலிருந்து அம்மா வரும்போது அது முக்கியம்.

1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் கனத்த இரும்புக் கதவோடு சின்ன அறை ஒன்று இருக்கும். அது அவசரகாலக் காப்பறை. சாமி அறையாகவும் சரக்கு அறையாகவும் பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் சுவரை இடிக்கவோ கதவைக் கழற்றவோ கூடாது.

பள்ளிக்கு அருகில் வாங்கினால் இடம் கிடைத்துவிடுமா?

உறுதி சொல்ல முடியாது. தொடக்கநிலை ஒன்றுப் பதிவில் ஒவ்வொரு கட்டத்திலும் குடிமக்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, பிறகுதான் நிரந்தரவாசிகளின் பிள்ளைகள். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது அதற்குள்தான் உதவும். தமிழ் கற்பிக்கும் பள்ளியா என்றும் முன்பே விசாரியுங்கள். பள்ளியில் தமிழ் இல்லாத உயர்நிலை மாணவர்களுக்கு உமறுப் புலவர் தமிழ் மொழி மையம் இருக்கிறது.

வாங்கிய பிறகு முழு வீட்டையும் வாடகைக்கு விடலாமா?

நிரந்தரவாசிகளுக்கு அந்த அனுமதி இல்லை. அறைகளை மட்டும், நீங்களும் அங்கேயே குடியிருந்துகொண்டு விடலாம். ஐந்து ஆண்டு குடியிருந்த பிறகே விற்க முடியும். இரண்டு ஆண்டில் வேறு நாட்டுக்கு மாற்றல் வரும் என்ற நிலை இருந்தால் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

விற்கும்போது லாபம் கையில் வருமா?

மசேநியிலிருந்து எடுத்த தொகையை, அது அங்கேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டியோடு சேர்த்து உங்கள் மசேநிக் கணக்கிலேயே திரும்பப் போட வேண்டும். சாதாரணக் கணக்கின் வட்டி 2.5 விழுக்காடு, ஆண்டுக்காண்டு கூட்டு வட்டி. 120,000 எடுத்திருந்தால் பத்து ஆண்டில் சுமார் 153,600 ஆகிவிடும். பணம் உங்களுடையதுதான், எங்கும் போகாது. ஆனால் விற்ற அன்று வங்கிக் கடனும் இதுவும் போக ரொக்கமாக வருவது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும்.

குடியுரிமை கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாமா?

விண்ணப்பம் போட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். தம்பதியரில் ஒருவர் குடிமகனானாலே முதல் வீட்டுக்குக் கூடுதல் தீர்வை விலக்கு கிடைக்கும், நிரந்தரவாசி ஒதுக்கீடும் உங்களைக் கட்டாது. வருமான வரம்புக்குள் இருந்தால் நான்கறை வரையிலான மறுவிற்பனை வீட்டுக்கு 70,000 வெள்ளி மானியமும் உண்டு. வாங்கிய நாளில் உங்கள் நிலை என்னவோ அதன்படிதான் தீர்வை. பின்னர் குடியுரிமை வந்தது என்பதற்காகக் கட்டியதைத் திருப்பித் தரமாட்டார்கள். ஆனால் குடியுரிமை என்பது பாஸ்போர்ட்டையும் பிள்ளைகளின் நாளையையும் மாற்றும் முடிவு. 31,000 வெள்ளிக்காக அதை எடுக்காதீர்கள். நாங்கள் அந்தத் தீர்வையைக் கட்டித்தான் வாங்கினோம்.

வீட்டை யார் பெயரில் பதிவது?

கணவன் மனைவி இருவரும் கூட்டு உரிமையாளர்களாகப் பதிந்தால் ஒருவர் காலமானால் வீடு மற்றவருக்குத் தானாகப் போய்ச் சேரும். ஒருவர் பெயரில் மட்டும் பதிந்து மற்றவர் குடியிருப்பாளராக இருந்தால், குடியிருப்பாளர் தம் மசேநிப் பணத்தை அந்த வீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. இன்னொன்றையும் சாவி வாங்கும் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். மசேநியில் உள்ள பணம் உயிலுக்குக் கட்டுப்படாது, நியமனம் தனியாகச் செய்ய வேண்டும். திருமணத்துக்கு முன் அம்மா பெயரில் செய்த நியமனம் திருமணத்தோடு ரத்தாகிவிடுகிறது. மசேநி தளத்தில் சிங்பாஸ் என்ற மின்னடையாளம் வழியாக நுழைந்து இரண்டு சாட்சிகளோடு செய்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.